போலீஸ் தோட்டா நுழையும் துப்பாக்கி

என் துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனதற்கு நான் செய்த குற்றம் எதுவும் காரணமில்லை. துப்பாக்கியும் ஒரு குற்றமும் செய்யவில்லை. அது எங்கள் கைக்கு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. மாறியது அவர்களுடைய தோட்டா. அது மாறி, என் துப்பாக்கியின் அளவுக்கு வந்து நின்றது. அதற்குத் தண்டனை எனக்கு. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் பெயர் தெய்வானை. தீவின் தெற்கே, ரிவியேர் தே ஸாங்கீய் ஊருக்கு மேலே, மலைப்பக்கம் ஏறும் வண்டிப்பாதை முடிகிற இடத்தில் எங்களுக்கு மூன்று ஆர்ப்பான், அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலம். பெரிய தோட்டத்துக்காரர்கள் தங்களுக்கு உதவாத ஓரத்தைத் துண்டு போட்டு விற்றபோது நானும் என் புருஷன் பழனியாண்டியும் வாங்கினோம். அங்கே மண்ணைவிடக் கல் அதிகம். கல்லைப் பொறுக்கிக் குவித்தே என் இளமை போனது. ஆனால் அந்த நிலம் வந்த பிறகு நாங்கள் தோட்டத்து மணிச் சத்தத்துக்கு எழுந்திருக்கவில்லை. கங்காணி வேலை பார்க்கும் சர்தார் பெயர் கூப்பிடும் வரிசையில் நிற்கவில்லை. பழனியாண்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அந்த வரிசைக்குத் திரும்பவில்லை. கரும்பு நின்றால் நான் நிற்பேன், கரும்பு போனால் மறுபடியும் அந்த வரிசைதான். எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

கரும்புக்கு வந்த எமன் மான். எங்கள் நிலத்தை ஒட்டித் தோட்டத்தின் வேட்டைக்காடு. பட்டணத்துப் பெரிய மனிதர்கள் வருஷத்தில் சில மாதம் வந்து பரண்மேல் உட்கார்ந்து மான் சுடுவார்கள். மீதி மாதங்களில் அந்த மான்களுக்குச் சாப்பாடு போடுவது நாங்கள். மழை நின்று காட்டில் புல் காய்ந்ததும் விடியற்காலையில் கூட்டமாக இறங்கி வந்து, அப்போதுதான் தலைகாட்டும் குருத்தைக் கடித்துவிட்டுப் போகும். நுனி போன கரும்பு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வேலி போட்டுத் தரும்படி பழனியாண்டி வேட்டைக்காட்டு மேலாளர் ஜில்பெரிடம் ஆறு வருஷம் கேட்டார். ஆறு வருஷமும் ஜில்பெர் சிரித்தார்.

துப்பாக்கி வந்தது அந்த வேட்டையால்தான். பழனியாண்டி வேட்டைக்கு வருகிறவர்களுக்காக மான் விரட்டப் போவார். அவருடைய வேலையில் சந்தோஷப்பட்ட ஒரு வக்கீல், பிரான்சுக்குக் கப்பலேறும்போது தன் பழைய துப்பாக்கி ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். அடியில் இருக்கும் பிடியை இறக்கினால் வாய் திறக்கும். பழனியாண்டி செத்த பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். எழுதிய குமாஸ்தா சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் எழுதி முடித்தான். நான் மானைக் கொன்றது குறைவு. வெடிச்சத்தத்தில் விரட்டியதுதான் அதிகம். எனக்கு அது போதும்.

அந்த வருஷம் புரட்டாசியில், எங்கள் ஸ்டேஷன் சார்ஜென்ட் எட்மோன் ஊருக்குள் வந்து சீனன் கடை வாசலில் நின்று உத்தரவைச் சொன்னார். எட்மோன் கிறிஸ்தவர். ஆனால் தாத்தா பெயர் பொன்னுசாமி. எல்லோரிடமும் கிரியோலில் பேசுவார். எங்களோடு பேசும்போது மட்டும் அம்மாவிடம் கற்ற தமிழ் வெளியே வரும். லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் வருகிற திங்கட்கிழமை துப்பாக்கியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும். போலீஸுக்கு வந்திருக்கும் புதுத் தோட்டாவை ஒவ்வொரு துப்பாக்கியிலும் நுழைத்துப் பார்ப்பார்கள். நுழையாவிட்டால் முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். நுழைந்தால் துப்பாக்கி அரசாங்கத்துக்குப் போய்விடும். இதுதான் உத்தரவு.

நான் கடை வாசலிலேயே கேட்டேன். "ஏன் மிஸ்யே, நுழைஞ்சா என்ன?"

"மதாம் தெய்வானை, இதை நான் போட்ட சட்டம் மாதிரி என்னைக் கேக்காதீங்க," என்றார் எட்மோன். பிறகு, கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வராதவர்போல, பையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒன்று கட்டைவிரல் பருமன். மற்றது ஒல்லியாக, நீளமாக, பளபளவென்று இருந்தது.

"இந்தக் குண்டு நேத்து வரைக்கும் எங்களுது. உள்ள ஈயச் சில்லு. பக்கத்துல கூட்டம் நின்னா கால்ல படும், கொஞ்ச தூரம் போய் விழுந்துரும். போலீஸுக்கு அது போதும். ஆனா பட்டணத்துல கலகம் வந்தப்ப பட்டாளத்தைக் கூப்பிட்டாங்க. எங்க தோட்டா தீர்ந்துபோச்சு. பட்டாளத்துப் பெட்டியத் திறந்து பாத்தா, அது எங்க துப்பாக்கியில போகல. அவங்க தோட்டா அடுக்கடுக்கா இருக்கு, நாங்க வெறுங்கையோட நிக்கிறோம். அதனால எங்க துப்பாக்கியையும் மாத்தி, இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே தோட்டான்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"சரி, நீங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டீங்க. என் துப்பாக்கி எங்க வந்துச்சு நடுவுல?"

"ஸ்டேஷன்ல இருந்து ஒரு பெட்டி காணாமப் போச்சுன்னு வைங்க. அந்தத் தோட்டா போற துப்பாக்கி ஊருக்குள்ள ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அதுக்குத்தான்."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் சண்டை எங்ககூடத்தானா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எட்மோன் சிரிக்கவில்லை. அந்த ஒல்லித் தோட்டாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இது பிடிக்கல மதாம். பழசு எதிர்ல நிக்கிறவனத் தொடும். இது அவனுக்குப் பின்னால யார் நிக்கிறான்னு போய்ப் பாக்கும்," என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் வீட்டில் தகரப் பெட்டியில் இருப்பதும் அதே ஒல்லித் தோட்டாதான். துப்பாக்கியை வேறு அளவுக்கு மாற்றலாம், இந்த மாதிரிச் சட்டம் உள்ள ஊர்களுக்கென்றே சீமையில் வேறு தோட்டா செய்கிறார்கள் என்று கியூர்பிப் டவுனில் துப்பாக்கி பழுது பார்ப்பவன் சொன்னான். கப்பலில் வர மாதக்கணக்காகும். மானிடம் மாதக்கணக்குப் பேச முடியுமா?

அழுதுகொண்டு நிற்கிற புத்தி எனக்கு இல்லை. திங்கட்கிழமை ஆயுத பூஜை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில்தான், ஆனால் ஆயுத பூஜை பெரிசாக நடக்கும். மண்வெட்டி, கரும்புக் கத்தி, கடப்பாரை, வண்டிக்காரன் கடையாணி, நாவிதன் கத்தி எல்லாம் அம்மன் முன்னால் வரிசையாக வரும். எங்கள் துப்பாக்கியும் வருஷா வருஷம் வரும். வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. நான் இந்த வருஷமும் வைத்தேன். தந்திரம் செய்தாய் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். உத்தரவுக்கு நாள் குறித்தவன் பஞ்சாங்கம் பார்க்காததற்கு நான் பொறுப்பா?

சாயங்காலம் வரை நான் ஸ்டேஷனுக்குப் போகாததால் எட்மோனே தேடிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செம்பருத்தியோடு துப்பாக்கி அம்மன் காலடியில் கிடந்தது.

பூசாரி வீரசாமி பழனியாண்டிக்குத் தாய்மாமன். எனக்கும் மாமா முறை. வழக்கம் என்று வந்துவிட்டால் கவர்னரே வந்தாலும் அசைய மாட்டார். "நாளைக்குக் காலைல வாங்க மிஸ்யே. மறுபூஜை ஆகணும்," என்றார்.

"நாள் இன்னியோட முடியுது ஐயா. நாளைக்கு எடுத்தா, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வச்சிருந்தாங்கன்னு இவங்க மேல கேஸ் எழுதணும். ஜெயிலுக்கு அனுப்பவா?"

இது வீரசாமி மாமாவின் வழக்கத்தில் இல்லாத கேள்வி. எட்மோன் குனிந்து, பூவை எடுத்து அம்மன் காலடியில் மரியாதையாக வைத்தார். துப்பாக்கியின் பிடியை இறக்கி, ஒல்லித் தோட்டாவை உள்ளே விட்டார். சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி அது போய் உட்கார்ந்தது. அதை வெளியே எடுத்து, துப்பாக்கியைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று நினைவுக்கு வந்தது. "மாமா, எடுத்துட்டாரு," என்றேன்.

"ஆமா, எடுத்துட்டாரு," என்றார் மாமா. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"எடுத்தா என்ன?" என்றார் எட்மோன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் முன்னாலிருந்து எந்த ஆயுதத்தை எவன் முதலில் கையால் எடுக்கிறானோ, அந்த ஆயுதத்தின் அந்த வருஷத்து முதல் வேலையை, உடையவன் நிலத்தில் அவனே செய்து கொடுக்க வேண்டும். அதனால்தான் மறுபூஜை முடிந்ததும் அவனவன் அவனவன் பொருளை ஓடிப்போய் எடுப்பான். பிசகி அடுத்தவன் மண்வெட்டியை எடுத்துவிட்டு, அடுத்தவன் கொல்லையைக் கொத்தியவர்களும் உண்டு. மாமா இதைச் சார்ஜென்டுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"துப்பாக்கிக்கு என்ன வேலை?" என்றார் எட்மோன். அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சுற்றி யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"காவல்," என்றேன் நான். "விடியறப்ப மான் வரும். நீங்க வரணும்."

"நான் கிறிஸ்தவன் மதாம்."

"அம்மன் அதெல்லாம் கேக்கல மிஸ்யே," என்றார் மாமா.

"இந்தத் துப்பாக்கியால இனிமே நான் சுடக் கூடாது. இது அரசாங்கத்துக்குப் போயிருச்சு."

"உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குல்ல," என்றேன். "அதே தோட்டாதானே போகும்?"

எட்மோன் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எங்க அம்மா உயிரோட இருந்தா என்னைப் போன்னுதான் சொல்லுவாங்க," என்றார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. ஆனால் அந்த மனிதர் கெட்டவர் இல்லை என்று அப்போது மனதார ஒப்புக்கொண்டேன்.

சொன்னபடி மறுநாள் விடியும்போது வந்தார். நானும் அவரும் கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பனி விலகும்போது நான்கைந்து மான்கள் காட்டிலிருந்து இறங்கின. முன்னால் வந்த கலைமான், ஏதோ மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அவசரமில்லாமல் குருத்தில் வாய் வைத்தது. எட்மோன் சுட்டார். போலீஸின் பழைய தோட்டா மாதிரிப் புகை மண்டவில்லை. சடக்கென்று ஒரு சத்தம் மட்டும். மான் ஒரு துள்ளு துள்ளித் திரும்பிக் காட்டுக்குள் ஓடிவிட்டது. மற்றவையும் ஓடின.

"தப்பிருச்சு," என்றார் எட்மோன். தரையில் விழுந்த வெற்றுத் தோட்டாவைத் தேடி எடுத்துத் துடைத்துப் பையில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் மேலே பதில் சொல்ல வேண்டும்.

தப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஜில்பெரின் கூச்சல் கேட்டது. கூச்சலுக்குப் பின்னால் ஜில்பெரே வந்தார், பாதி முகத்தில் சவரச் சோப்போடு. மான் அவருடைய வேட்டை பங்களா வாசல்வரை ஓடிப்போய் விழுந்திருக்கிறது. குண்டு அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. மானுக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறி, செடிகொடியெல்லாம் தாண்டி, பங்களாப் பக்கத்தில் இருந்த பெரிய துத்தநாகத் தண்ணீர்த் தொட்டியில் பாய்ந்திருக்கிறது. அவர் அதன் பக்கத்தில் நின்றுதான் சவரம் செய்துகொண்டிருந்தாராம். மழைக்காலம் முழுக்கச் சேர்த்த தண்ணீர், அடுத்த மழை வரும்வரை வேண்டிய தண்ணீர், ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்," என்றார் என்னிடம். "மான் என் மான்."

"எடுத்துக்குங்க," என்றேன். "எனக்குப் புரட்டாசி விரதம்."

இப்படிப் பேசினேனே தவிர, எட்மோன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் ஜில்பெரைப் பார்க்கவில்லை. கல் குவியலிலிருந்து தொட்டி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு தூரம்! கண்ணுக்கு எட்டாத ஒரு மனிதனை, சுட்டவருக்கே தெரியாமல், அந்தக் குண்டு கொல்லப் பார்த்திருக்கிறது. என் கரும்புக்காக ஒருவருக்கு வேலை போகப்போகிறதே என்று எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் கரும்பை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது.

எட்மோன் மறைக்காமல் உள்ளதை எழுதி அனுப்பினார். ஜில்பெரும் எழுதினார். அந்த வாரமே கியூர்பிப்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார கேப்டன் குதிரையில் வந்தார். எங்களை எல்லாம் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அடியில் மிச்சமிருந்த தண்ணீரை இறைத்துவிட்டுக் கையை விட்டபோது குண்டு கிடைத்தது. ஒரு மானும் ஒரு தொட்டிச் சுவரும் தாண்டி வந்த குண்டு, நசுங்கக்கூட இல்லை. கேப்டன் அதை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார்.

ஜில்பெர் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். சார்ஜென்டை நீக்க வேண்டும், என்னை நிலத்தை விட்டே எழுப்ப வேண்டும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று கேப்டன் கேட்டார். எட்மோன்தான் மொழிபெயர்க்க வேண்டும். தன்னைப் பற்றிய வழக்கில் தானே மொழிபெயர்ப்பாளர்.

நான் ஊர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அந்த மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் வீடுகள் எல்லாம் தெரியும். வைக்கோல் கூரையும் மண் சுவரும் தகரமும். "சார்ஜென்ட் மிஸ்யே அன்னைக்குக் காட்டைப் பாத்து உக்காந்திருந்தாரு. ஊரைப் பாத்து உக்காந்திருந்தா இந்தக் குண்டு எத்தனை வீட்டுக்குள்ள போயிருக்கும்னு கேளுங்க," என்றேன். "நாளைக்கு எங்க ஊர்ல ஒரு சண்டைன்னா, இவரு எங்களைப் பாத்துத்தான் இதைப் பிடிக்கப் போறாரு. அப்ப பின்னால யாரு இருப்பா? எங்க புள்ளைங்க இருக்கும்."

எட்மோன் அதை மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"இன்னொண்ணும் சொல்லுங்க. மான் நாளைக்கும் வரும். என் துப்பாக்கி இவங்ககிட்ட இருக்கு. அதைத் திருப்பிக் கொடுங்க. சட்டம் இடம் கொடுக்காதுன்னா, இவர நாளைக்கும் அனுப்புங்க. நாளைன்னிக்கும் அனுப்புங்க. அறுவடை வரைக்கும் நான் தினம் ஸ்டேஷனுக்கு வந்து கேப்பேன். வேண்டாம்னா மான் என் நிலத்துக்குள்ள வரக் கூடாது. இந்த மூணுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

கேப்டன் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜில்பெரிடம் திரும்பினார். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கத் தன்னால் முடியாது என்றார். ஒரு விவசாயியின் பயிரைக் காக்கும் கடமை போலீஸுக்கு உண்டு, வேறு வழியில்லை என்றால் சார்ஜென்ட் தினமும் விடியற்காலையில் போலீஸ் துப்பாக்கியோடு அந்தக் கல் குவியலில் உட்காரத்தான் வேண்டும், மான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் இல்லை.

ஜில்பெர் தொட்டியைப் பார்த்தார். ஓட்டை சரியாக அவருடைய நெஞ்சு உயரத்தில் இருந்தது.

அடுத்த வாரம் ஜில்பெரின் ஆட்கள் வேலி வேலையைத் தொடங்கினார்கள். இடுப்பளவு கல்சுவர், அதற்கு மேல் கம்பி. கல்லுக்கு மட்டும் என் நிலத்தில் பஞ்சமில்லை. குவித்து வைத்திருந்ததையெல்லாம் நானே எடுத்துக் கொடுத்தேன். முடியும்வரை தினமும் விடியற்காலையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடந்தேன். எட்மோனுக்கு வேலை போகவில்லை. சார்ஜென்ட் பட்டை ஒன்று போனது. அதற்கு அவர் என்னைக் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் மனசு கேட்கவில்லை. கிராமத்து ஸ்டேஷன்களுக்கு மட்டும் பழைய துப்பாக்கியும் சில்லுத் தோட்டாவுமே திரும்ப வந்தன என்று அவர்தான் பிறகு ஒரு நாள் வந்து சொன்னார். ஒல்லித் தோட்டாப் பெட்டி ஆணியடித்துப் பட்டாளத்துக்கே போய்விட்டதாம்.

அப்படியானால் என் துப்பாக்கியைத் திருப்பித் தரலாமே என்று கேட்டேன். சட்டம் சட்டம்தான், அதை யாரும் திருப்பி எழுதவில்லை என்றார்.

சரி, போகட்டும். வேலி முடிந்த அன்று நான் அதன் ஓரமாக ஒரு முறை நடந்து பார்த்தேன். பழனியாண்டி ஆறு வருஷம் கெஞ்சிக் கேட்ட வேலி. எங்கள் கரும்பு போனபோதெல்லாம் அது வரவில்லை. அவர்கள் தண்ணீர் போனபோது வந்தது. அதை நினைத்து அங்கேயே உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதேன். பிறகு எழுந்து, மான் தின்னட்டும் என்று பழனியாண்டி எப்போதும் தரிசாக விட்டு வைத்த காட்டோர வரிசையில், சுவரை ஒட்டிக் கடைசிவரைக்கும் கரும்புக் கரணை ஊன்றினேன்.